இணையவழி ஆற்றுப்படுத்துதலும் இரகசியம் காத்தலும்: ஓர் இறையியல் திறனாய்வு

உரிமம் பெற்ற உளச்சிகிச்சையாளர் ஒருவரிடம் இணையத்தின் வழியாக ஆற்றுப்படுத்துதல் பெறும் வழக்கம், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. இதைக் குறித்து மேய்ப்புப் பணியாளரிடையே எழும் மறுப்பு பெரும்பாலும் ஒன்றே. வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம், உடல் அருகில் இல்லாத சந்திப்பை உண்மையான சந்திப்பென ஏற்கலாமா என்பதே அது. இம்மறுப்பு பக்தியுள்ளதாகத் தோன்றினும், குறையைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொலைவிலிருந்து ஆத்துமாக்களைத் தேற்றுதல் திருச்சபைக்குப் புதியதன்று. பவுலின் நிருபங்கள் அவர் உடனிருக்க இயலாத சபைகளுக்கு எழுதப்பட்டவை. சில சிறையிலிருந்தே எழுதப்பட்டவை. யோவானின் இரண்டாம் நிருபத்தை எழுதிய மூப்பர், காகிதமும் மையும் போதா என்றும், முகமுகமாய்க் காண்பதிலேயே மகிழ்ச்சி நிறைவாகும் என்றும் கருதுகிறார். ஆயினும் அதனைச் சொல்வதற்கே அவர் காகிதத்தையும் மையையும் கையாண்டார் என்பதை மறத்தலாகாது. 1953இல் இலண்டன் மாநகரில் ஆங்கிலிக்கன் குருவாகிய சாட் வாரா, தற்கொலை எண்ணத்தோடு போராடுவோர்க்கெனத் தம் ஆலயத்திலேயே தொலைபேசிவழி உதவியைத் தொடங்கினார். சமாரியர் இயக்கம் அதிலிருந்தே தோன்றியது. முகம் காணாமை அங்கே குறையாக அன்றி, வெட்கத்தால் வாய் திறவாதவர்க்குத் துணையாகவே அமைந்தது.

சிகிச்சையின் பயனைப் பொறுத்தவரையிலும், மனச்சோர்வு, பதற்றம் முதலிய இடர்களில் காணொளிவழிச் சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒத்த பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லைகளும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து நேருகையில், பேசுபவர் எவ்விடத்தில் இருக்கிறார் என்பதையே சிகிச்சையாளர் அறியாதிருக்கலாம். வீட்டில் வன்முறைக்குள்ளாகும் பெண்ணுக்கோ, துன்புறுத்துபவன் அடுத்த அறையிலேயே இருக்கலாம். ஆதலால்தான் உரிமம் பொருளுடையதாகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் வழங்குகிறது. உதவி நாடுபவர் இருக்கும் மாநிலத்தில் பணியாற்றும் உரிமை சிகிச்சையாளருக்கு இருத்தல் வேண்டும் என்பதே பொதுவிதி. உரிமம் திறமைக்குச் சான்று மட்டுமன்று; தவறினால் யாருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் உடன்படிக்கையுமாகும்.

இவ்வுடன்படிக்கையின் எல்லைக்கு வெளியே என்ன நேரக்கூடும் என்பதை அந்நாட்டு வழக்கொன்று காட்டுகிறது. பெட்டர்ஹெல்ப் என்னும் நிறுவனம், உரிமம் பெற்ற சிகிச்சையாளரையும் உதவி நாடுவோரையும் இணையத்தில் இணைத்துவைப்பது. சேர விரும்புவோர் முதலில் ஒரு வினாப்பட்டியலுக்கு விடையளிக்க வேண்டும். மனச்சோர்வு உண்டா, மருந்து உட்கொள்வதுண்டா, முன்னர்ச் சிகிச்சை பெற்றதுண்டா என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. இரகசியம் காப்பதாக உறுதியளித்த நிறுவனம், மின்னஞ்சல் முகவரிகளையும் வினாப்பட்டியல் வழிப் பெற்ற செய்திகளையும் விளம்பரத்தின் பொருட்டு ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் முதலியவற்றோடு பகிர்ந்துகொண்டது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 மார்ச்சில் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 78 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது.

இங்கே கவனிக்கத்தக்கது யாது? ஆணையத்தின் குற்றச்சாட்டு சிகிச்சையாளர்மீது எழுந்ததன்று. இடையில் நின்ற நிறுவனத்தின்மீது எழுந்தது. துயருற்ற ஒருவர் நடுக்கத்தோடு முதன்முதலாக எழுதிய சொல், சிகிச்சையாளரின் செவியை எட்டுமுன்பே பிறர் கைக்குச் சென்றது என்பதே அதன் சாரம். அந்நிறுவனம் கிறிஸ்தவர்க்கென நடத்திய பிரிவின் பெயர் ‘ஃபெய்த்ஃபுல் கவுன்சிலிங்’. உண்மையுள்ள ஆற்றுப்படுத்துதல் என்பது அதன் பொருள். ஆணையத்தின் புகாரில் அப்பெயரும் இடம்பெற்றது. நீதிமொழிகள் 11:13இன்படி, உண்மையுள்ள ஆவிக்கு அடையாளம் செவியுற்றதைத் தன்னுள் அடக்கிக்கொள்வதே. பெயரில் இருந்த உண்மை செயலில் இல்லை என்பதன்றோ குற்றச்சாட்டு? மாம்சமாதல் என்னும் கோட்பாடும் உடலின் அருகாமையை மட்டும் குறிப்பதன்று. பிறருடைய பாரத்தைத் தன்மேல் ஏற்று, இறுதிவரை அதைக் காட்டிக்கொடாதிருத்தலையும் அது குறிக்கிறது.

இத்தீர்ப்பை அயல்நாட்டு நிறுவனத்தின்மீது கூறிவிட்டு நாம் அமைதியடையலாகாது. ஒரு சகோதரி போதகரிடம் கண்ணீரோடு கூறிய குடும்பத் துயரம், அவ்வாரத்து ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக ஒலிப்பது நம் சபைகளில் உண்டு. பெயர் சொல்லப்படுவதில்லை, கேட்டவர் அனைவரும் அறிவர். நோக்கம் நல்லதே; எனினும் இரகசியம் போயிற்று. அங்கே விளம்பரத்தின் பொருட்டு நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது, இங்கே பக்தியின் பெயரால் நிகழ்கிறது. நம் இளைஞர் போதகரை விடுத்து, முன்பின் அறியாத ஒருவரைத் திரையில் நாடுவாராயின், அவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று கடிந்துகொள்ளுமுன், நம்மிடம் சொன்னால் ஊரறியும் என்று அவர்கள் அஞ்சுவது ஏன் என்று வினவுதல் தகும்.

ஆகவே மேய்ப்பர் இவ்வழியைத் தடுக்கவும் வேண்டா. ஆராயாமல் அதற்கு ஆட்களை அனுப்பவும் வேண்டா. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிவழி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம். தனியார் இணையவழியை நாடுவோர்க்கு மூன்று வினாக்களைக் கற்பித்தல் நலம். சிகிச்சையாளரின் பதிவு எங்கே உள்ளது? ஆபத்து வேளையில் அவர் யாரை அழைப்பார்? நான் எழுதிக்கொடுக்கும் விடைகள் யார் கையில் தங்கும்? இம்மூன்றாம் வினாவை நம்மை நோக்கியும் ஒருவர் கேட்கையில் நாணமின்றி விடை கூறத்தக்கவர்களாக நாம் நிற்போமாயின், முகமுகமாய்க் காண்பதன் மேன்மையைப் பிறர்க்கு எடுத்துரைக்க நமக்குத் தகுதி உண்டாகும்.