இரவல் பாட்டும் தடிமன் பிடித்த குரலும்

குரலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடலைப் பற்றிப் பேசுவதில்லை. தேன் குரல், வெண்கலக் குரல், கந்தர்வக் குரல் என்றெல்லாம் வருணிக்கும் இசை விமர்சனம், அக்குரல் பசித்தும் களைத்தும் நோயுற்றும் வாழும் ஒரு மனிதனின் தொண்டையிலிருந்தே எழுகின்றது என்பதை எளிதில் மறந்துவிடுகின்றது. பாடகனுக்குத் தடிமன் பிடிக்கும்போது மட்டுமே அந்த மறதி கலைகின்றது. அவன் பாடுவதும் தன் பாட்டன்று, பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டு என்றால், சிக்கல் இரட்டிப்பாகின்றது. மூலத்தைப் போலப் பாட வேண்டும் என்ற கடமை ஒருபுறம். அதற்கு இடங்கொடாத உடல் மறுபுறம். இவ்விரண்டும் மோதும்போது நிகழ்வது கலையின் தோல்வியா, அன்றி வேறொன்றா என்ற வினாவை ஆராய்வதற்கு 1963ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற ஓர் ஒலிப்பதிவு மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

1963 பெப்ரவரி 11ஆம் திகதி, பீற்றில்ஸ் குழுவினர் தமது முதலாவது நீள் இசைத்தட்டான 'பிளீஸ் பிளீஸ் மீ'க்கான பாடல்களைப் பதிவு செய்வதற்காக ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தனர். இசைத்தட்டின் 14 பாடல்களுள் நான்கு முன்னரே வெளியானவை. எஞ்சிய பத்தும் அந்த ஒரே நாளில், காலை, பிற்பகல், இரவு என மூன்று அமர்வுகளில் பதிவாயின. பிரித்தானியா கண்ட மிகக் கடுமையான குளிர்காலங்களுள் ஒன்று அது. ஊர் ஊராகச் சென்று பாடும் பயணத்தின் நடுவே வந்திருந்த குழுவில், அப்போது 22 வயதினரான ஜோன் லெனனுக்குக் கடுந்தடிமன். தொண்டைக்கு இதந்தரும் மருந்து இனிப்புகளும் பாலுமே அவருக்குத் துணை. அருகில் சிகரெட்டுகளும் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்குப் பின்னர், கடைசிப் பாடலாக 'ருவிஸ்ற் அன்ட் ஷவுற்' பாடப்பட்டது. முதன்முறை பாடியதே இசைத்தட்டில் இடம்பெற்றது. இரண்டாம் முறை முயன்றபோது குரல் எஞ்சியிருக்கவில்லை.

இதனை ஒலிப்பதிவு என்பதிலும் பார்க்கக் கச்சேரி என்பதே பொருந்தும். தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின் முதலில் எண்ணியது லிவர்பூலின் கவேர்ண் மண்டபத்தில் இரசிகர் முன்னிலையில் அவர்கள் பாடுவதையே பதிவு செய்யலாம் என்பதாகும். அது கைகூடாதபோது, அம்மேடையின் சூட்டைக் கூடத்துக்குள் கொண்டுவர முயன்றார். நால்வரும் ஒருங்கே நின்று பாடி வாசித்ததை இருதடப் பதிவுக்கருவி அப்படியே உள்வாங்கிக்கொண்டது. பகுதி பகுதியாகப் பாடி ஒட்டித் திருத்தும் வசதிகள் பெருகிய காலம் பின்னரே வந்தது.

அந்தப் பாடல் அவர்களுடையதன்று. பேர்ட் பேர்ன்ஸ், பில் மெட்லி ஆகிய இருவரும் இயற்றிய அதனை 1961இல் ரொப் நோட்ஸ் குழு முதலில் பாடியது. 1962இல் ஐஸ்லி சகோதரர்கள் பாடிப் புகழ்பெறச் செய்தனர். ஐஸ்லி சகோதரர்கள் ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். தேவாலயப் பாடல் மரபில் ஊறி வளர்ந்தவர்கள். ஒருவர் கூவ மற்றையோர் மறுமொழி கூறுவதும், ஆரவாரம் படிப்படியாக ஏறி உச்சத்தில் வெடிப்பதும் அம்மரபின் இயல்புகள். லிவர்பூலின் வெள்ளை இளைஞர்கள் இசைத்தட்டின் மூலமே இதனைக் கேட்டுப் பயின்றனர். அவ்வகையில், அன்றிரவு லெனன் ஒரு பிரதிப் பாடகரே. தாம் வியந்து போற்றிய குரல்களுக்குத் தம் குரலால் வணக்கஞ் செலுத்த முயன்ற இளைஞர் என்பதே அவரைப் பற்றிய சரியான விளக்கமாகும்.

தடிமன் குரலுக்குச் செய்வது யாது? குரல்நாண்கள் வீங்கித் தடிக்கின்றன. அவற்றின் அதிர்வு ஒழுங்கு குலைகின்றது. உச்ச சுரங்களை மெல்லத் தொடுவது கடினமாகின்றது. விசையைக் கூட்டினாலன்றி ஒலி பிறப்பதில்லை. மூக்கடைப்போ ஒலியின் நிறத்தையே மாற்றிவிடுகின்றது. மெல்லெழுத்துகளின் பிறப்புக்கு மூக்கின் வளி வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலிலேயே கூறிப்போந்தார். அவ்வளி தடைப்படும்போது மெல்லினம் தன் மென்மையை இழந்து வல்லினத்தின் சாயலைப் பெறுகின்றது. தடிமன் பிடித்தவன் 'அம்மா' என்பதைக் கேட்டவர் எவரும் இதனை அறிவர்.

அந்தப் பதிவில் கேட்பதும் இதுவே. முதல் அடியிலேயே குரல் கரகரத்து எழுகின்றது. நீண்ட சுரங்கள் ஓரம் கிழிந்த துணிபோல் முடிகின்றன. ஒவ்வொரு மூச்சும் வலிந்து இழுக்கப்படுகின்றது. ஐஸ்லி சகோதரர்களின் பாடலில் ஆவேசம் உண்டு. எனினும் அது ஆளப்பட்ட ஆவேசம். எங்கே தளர்வது, எங்கே ஏறுவது என்பதை அறிந்த பயிற்சி அதனுள் இருக்கின்றது. லெனனின் பாடலில் அந்த ஆட்சி இல்லை. அவர் அவர்களைப் போலப் பாட முயல்கின்றார், உடல் மறுக்கின்றது, மறுக்கும் உடலோடு மல்லுக்கட்டும் ஓசையே பாடலாகின்றது. இரவற் குரல் உடைந்த இடத்தில் சொந்தக் குரல் வெளிப்பட்டது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும். நோயையும் பொருட்படுத்தாது பாடிய வீரன் என்று கலைஞனைப் போற்றுவது எளிது. பத்திரிகைகளுக்கு உவப்பானதும் அதுவே. ஆனால் அப்போற்றுதல் ஒரு கேள்வியை மூடிவிடுகின்றது. நோயுற்ற இளைஞர் ஒருவர் இரவு பத்து மணிவரை ஏன் பாட வேண்டியிருந்தது? முந்திய தனிப்பாடல் விற்றுக்கொண்டிருந்த சூட்டிலேயே நீள் இசைத்தட்டைச் சந்தைக்கு அனுப்ப நிறுவனம் விரும்பியது. பதிவு முடிந்து ஆறு வாரங்களுக்குள், மார்ச் 22ஆம் திகதி, அது வெளியாயிற்று. தொண்டையைக் கிழிக்கும் பாடல் என்பது தெரிந்தே அது கடைசிக்கு ஒதுக்கப்பட்டது. முன்னதாகப் பாடியிருந்தால் ஏனைய பாடல்களுக்குக் குரல் மிஞ்சியிராது. தொண்டை ஓர் உற்பத்திக் கருவியாகக் கணக்கிடப்பட்டு, நாளின் இறுதியில் முற்றாகச் செலவிடப்பட்டது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி ஒப்புநோக்கத்தக்கது. 1965இன் இறுதியில் பிராங் சினாற்றாவுக்குத் தடிமன் பிடித்தது. கே ரலீஸ் 1966 ஏப்பிரலில் 'எஸ்குவயர்' சஞ்சிகையில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அத்தடிமனைப் பற்றியதே. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான பதிவில் தம் குரலிலிருந்த தடிமனைத் தாமே கேட்ட சினாற்றா, அதனை ஏற்கவில்லை, பதிவு பின்போடப்பட்டது. தொழிலின் மீது அதிகாரம் பெற்றவனுக்குத் தடிமன் ஓய்வுக்கான காரணமாகின்றது; அதிகாரம் பெறாதவனுக்கோ அது வேலைநாளில் வந்து வாய்த்த இன்னொரு சுமை. நோய் ஒன்றே, சமூக நிலை வேறு.

லெனனே பின்னாளில் இப்பாடலைப் பற்றி நெடுங்காலம் வெட்கப்பட்டதாகவும், இதனிலும் நன்றாகத் தம்மாற் பாட முடியும் என்று எண்ணியதாகவும், பின்னரே அவ்வுணர்வு நீங்கியதாகவும் கூறியுள்ளார். இக்கூற்றை அடக்கமாகக் கொள்வதிலும் பார்க்க, ஒரு தொழிலாளியின் மனச்சான்றாகக் கொள்வதே தகும். குறையைக் குறை என அறிந்தவர் அவர். அக்குறை இப்பாடலில் நிறைவாக மாறியமைக்குக் காரணம் பாடலின் இயல்பே. மென்மையான காதற் பாடல் ஒன்றில் அதே கரகரப்பு வெறும் ஊனமாகவே எஞ்சியிருக்கும். தன்னை மறந்து கூவுதலையே பொருளாகக் கொண்ட பாடலில் மட்டும் உடலின் தளர்ச்சி உருவத்தோடு இணைந்தது. எனவே, தடிமன் கலையை உயர்த்தும் என்ற பொதுவிதி எதுவும் இதனாற் பெறப்படவில்லை.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட வேண்டும். ஐஸ்லி சகோதரர்களின் பாடல் ஐக்கிய அமெரிக்க விற்பனை வரிசையில் 17ஆம் இடத்தை எட்டியது. பீற்றில்ஸ் பாடியது 1964இல் இரண்டாம் இடத்தை எட்டியது. இன்று உலகில் பலர் இப்பாடலைப் பீற்றில்ஸின் சொத்தென்றே எண்ணுகின்றனர். வணக்கஞ் செலுத்த வந்தவர் வணக்கத்துக்குரியவரை மறைத்துவிட்டார். ஒரு பாடகரின் தொண்டையில் இருந்த உண்மை, இனங்களுக்கிடையே சந்தை விளைத்த ஏற்றத்தாழ்வை நீக்கிவிடாது. குரலின் நேர்மையைப் பாராட்டும் விமர்சகன் இந்த அநீதியையும் ஒரே மூச்சிற் கூறக் கடமைப்பட்டவன்.

வரலாற்றின் முரண்நகை இதன் பின்னரே தொடங்குகின்றது. 1977இல் நியூயோர்க்கில் 'பீற்றில்மேனியா' என்ற மேடை நிகழ்ச்சி தொடங்கியது. அது லண்டனுக்கு வந்தபோது நடித்தவர்களைக் கொண்டு 1980இல் 'பூற்லெக் பீற்றில்ஸ்' என்ற குழு உருவாயிற்று. அன்று தொட்டு இத்தகைய குழுக்கள் பல்கிப் பெருகியுள்ளன. உடை, தலைமயிர், கிற்றார், பேச்சு என யாவும் மூலத்தைப் போலவே அமைய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. ஆகவே இந்தப் பாடல் வரும்போது, நல்ல சுகத்தோடிருக்கும் பாடகர் ஒருவர் 1963ஆம் ஆண்டின் தடிமனையும் பிரதி செய்ய வேண்டியவராகின்றார். ஒரு மனிதனின் ஒருநாள் நோய் நிரந்தரப் பாணியாக உறைந்துவிட்டது. அன்று லெனன் மூலத்தைப் போலப் பாட இயலாமையினாற் பெற்றதை, இன்று பிரதிப் பாடகர் அவரைப் போலப் பாட இயன்றமையினால் இழக்கின்றார். தொழில்நுட்பத்தினாற் பிரதி செய்யப்படும் கலை தன் தனித்த ஒளியை இழக்கின்றது என்று வோல்ரர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். தொழில்நுட்பத்தின் பிரதியை மனிதனே மீண்டும் பிரதி செய்யும் நிலையை அவ்வாதத்தின் அடுத்த படியாகக் கருதலாம்.

அத்தகைய பிரதிப் பாடகர் ஒருவருக்கு உண்மையிலேயே தடிமன் பிடித்துவிட்டால்? நுழைவுச்சீட்டு விற்றாகிவிட்டது, மண்டபம் நிறைந்திருக்கின்றது. அவர் முன் இரு வழிகள் உண்டு. நோயை மறைத்து, பிறர் குரலின் நிழலை எப்படியோ நிறுத்திப் பிடிப்பது ஒன்று. கிடைத்த குரலோடு பாட்டின் பொருளை நோக்கிச் செல்வது மற்றது. முன்னதில் இரசிகன் எண்ணுவது குறைகளை. பின்னதில் அவன் கேட்பது பாட்டை. முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்குத் துணிவும் வேண்டும்.

இவ்வினா மேற்கு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 'அப்படியே அவருடைய குரல்' என்பது ஈழத்துத் தமிழ் மேடைகளில் திரைப்படப் பாடல் பாடுவோருக்கு வழங்கப்படும் உயர்ந்த பாராட்டாக நெடுங்காலமாக நிலவிவருகின்றது. பல்கலைக்கழகக் கலைவிழாக்களும் இதற்கு விலக்கல்ல. அப்பாராட்டைப் பெறுவதற்காகவே தம் இயற்கைக் குரலை ஒளித்துவைத்த பாடகர் பலர். அவர்களின் உழைப்பு ஏளனத்துக்குரியதன்று; நுணுகிக் கேட்டலும் பயிலலும் அன்பின் வடிவங்களே. ஆயினும் ஒப்புமையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் இரசனை, பாடகனைக் கண்ணாடியாக்கிவிடுகின்றது. கண்ணாடியில் விழும் கீறல் குறை. மனிதக் குரலில் விழும் கீறலோ சிலவேளை செய்தி.

அபே றோட்டில் அன்றிரவு பாடிய இளைஞர் தம்மை முன்னிறுத்தப் பாடவில்லை. தமக்குப் பிடித்தவர்களைப் போலப் பாடவே முயன்றார். அம்முயற்சி தோற்ற அளவிலேதான் அவர் கேட்கப்படுகின்றார். பிரதிப் பாடகனை மதிப்பிட முற்படும் விமர்சனம், அவன் மூலத்தை எவ்வளவு ஒத்திருந்தான் என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வாத இடத்தில் அவன் என்ன செய்தான் என்றும் கேட்க வேண்டும்.