தலையில் ஊற்றிய தண்ணீர்: ‘அக்கினிப் பிரவேச’மும் கங்காவும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. அன்று அது கிளப்பிய சர்ச்சை பெரியது. இன்று அந்தக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அதில் வரும் தாயைத்தான் புகழ்கிறார்கள். மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். அவள் கலைந்து, அழுதுகொண்டு வீடு திரும்புகிறாள். கைம்பெண்ணான தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டுபோய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். புரட்சித் தாய், புதுமைத் தாய் என்றெல்லாம் அவளுக்குப் பட்டங்கள் உண்டு. எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்கான காரணம் வேறு.

தண்ணீர் ஊற்றினால் சுத்தம் என்று சொல்லும்போதே, முன்பு அழுக்கு இருந்தது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. குற்றம் செய்தவன் காரில் போய்விட்டான். அவன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படவில்லை. குளிப்பாட்டப்படுவது இவள்தான். அந்த வீட்டில் மடி, தீட்டு, ஸ்நானம் ஆகியவை வெறும் சொற்கள் அல்ல, அன்றாட நடைமுறை. பெரிய பாவமும் ஒரு முழுக்கில் கரையும் என்று நம்புகிற சாதி ஒழுக்கத்தின் உள்ளேயிருந்துதான் தாய் இந்த வழியைக் கண்டெடுக்கிறாள். அந்த ஒழுக்கத்தை அவள் உடைக்கவில்லை. அதில் இருக்கும் ஒரு சந்து வழியாக மகளை வெளியே எடுத்துவிடுகிறாள். படிப்பில்லாத, பணமில்லாத, ஆண் துணையில்லாத ஒருத்திக்கு அகப்பட்ட ஒரே கருவி ஒரு குடம் தண்ணீர். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

தண்ணீரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன் நடக்கும் ஒரு சிறு காரியம். தாயின் அலறல் கேட்டு, என்ன சத்தம் என்று அக்கம்பக்கத்துக் குரல் வருகிறது. அந்தக் கணத்தில் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். பெண் மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுகிறவள்போல் சமாளிக்கிறாள். மகளின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு பொய்யில் தொங்குகிறது. அகலிகையைப் பற்றி அவள் பேசுவதும், மனத்தால் கெடாதவள் கெட்டவளில்லை என்று வாதாடுவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் கதவைச் சாத்தினாள். தத்துவம் பின்னால் வந்தது. வாழ்நாள் முழுக்க ஊர்ப் பேச்சை அனுபவித்த கைம்பெண்ணுக்கு, சேதம் உடம்பில் இல்லை, ஊர் வாயில்தான் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு. யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அது. காரில் அவன் கொடுத்த சூயிங்கம் இன்னும் அவள் வாயில் இருக்கிறது. அதையும் தாய் துப்பச் சொல்கிறாள். நல்ல எழுத்தாளன் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய விவரம் இது. கார், மழை, பயம், அந்நியன் கொடுத்த இனிப்பு எல்லாம் அந்த ஒரு துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத் துப்பியதும் வாய் சுத்தமாகிவிடுகிறது. கூடவே மூடியும் விடுகிறது. என்ன நடந்தது, அவள் என்ன நினைத்தாள், வேண்டாம் என்றாளா, சொல்ல முடிந்ததா என்பதையெல்லாம் அவள் சொல்லி நாம் கேட்பதில்லை. கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை.

வகுப்பில் இந்தக் கதையைப் படிக்கும்போது யாராவது ஒருவர், பெரும்பாலும் முன் வரிசையில் இருக்கும் நல்ல பெண், கேட்டுவிடுவார்: அவள் ஏன் காரில் ஏறினாள்? கேள்வியை நாம் புறந்தள்ள முடியாது, ஏனென்றால் கதையே அதற்கு இடம் வைத்திருக்கிறது. பெரிய காரின் சொகுசு, உள்ளே இருக்கும் வசதிகள், அவளுடைய குழந்தைத்தனமான வியப்பு எல்லாம் விரிவாக வருகின்றன. சம்மதம் என்ற சொல்லை வைத்துப் பேசும் வழக்கம் அப்போது தமிழில் இல்லை. நீதிமன்றத்திலும் பெரிதாக இல்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் நடந்த மதுரா வழக்கில், அவள் உடலில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்பதைக் காட்டி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு, 1979-இல், நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள். அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றாகாது என்ற வாதம் அதன்பின் நாடு முழுக்கப் பரவி, 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. ‘அக்கினிப் பிரவேசம்’ இதற்கெல்லாம் பல ஆண்டு முந்தியது. கூச்சல் போடாத ஒருத்தியை அது குற்றமற்றவள் என்று விட்டது. அந்த வகையில் அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்தைவிட நல்ல நீதிபதி.

பிறகு ஜெயகாந்தன் வேறொரு வேலை செய்தார். அதே சம்பவத்தை எடுத்து, தாய் கதவைச் சாத்தாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். தினமணி கதிரில் தொடராக வந்து, நூலாகி, 1972-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். இங்கே தாயின் அலறல் வெளியே கேட்டுவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். சிறுகதையில் பெயரில்லாமல் இருந்தவளுக்கு இதில் பெயர் உண்டு: கங்கா. முன்பு யார் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டதோ, அவளுக்கே இப்போது நதியின் பெயர். நாவலின் பெரும்பகுதியை அவளே ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போகிறாள். எனக்கு இந்த மாற்றம்தான் பெரிது. மன்னிக்கப்பட்ட பெண்ணுக்குக் குரல் கிடைக்கவில்லை, மன்னிக்கப்படாதவளுக்குக் கிடைத்தது.

கங்கா படித்து, வேலைக்குப் போய், சம்பாதிக்கிறாள். ஒருநாள் பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையைப் படிக்கிறாள். தன் கதை, ஆனால் முடிவு வேறு. அதைத் தன் தாயையும் படிக்க வைக்கிறாள். தமிழ் நாவலில் இதைப்போல் கொடூரமான ஒரு தாய் மகள் காட்சி அதிகம் இல்லை. நீ இப்படிச் செய்திருக்கலாமே என்று ஒரு கதையை நீட்டுவதைவிடக் கடுமையாகக் குற்றம் சாட்ட முடியுமா? இங்கே எனக்கு ஜெயகாந்தன்மேல் ஒரு மனத்தாங்கல். அலறிய தாயும் பயந்துபோன கைம்பெண்தானே. அண்ணன் கையில் சோறு தின்கிறவள். மகளின் வாழ்க்கை கெட்டதற்கு அவள் வாய்தான் காரணம் என்பதுபோல் நாவல் நகர்கிறது. காரில் வந்தவனோ, பிரபு என்ற பெயரோடு திரும்பி வந்து, பலவீனமான, பரிதாபத்துக்குரிய பணக்காரனாக நம் அனுதாபத்தையும் வாங்கிக்கொள்கிறான். அவன் மனைவி, அவன் மகள் மஞ்சு, அவன் சோர்வு எல்லாவற்றுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. கெடுத்தவனைப் புரிந்துகொள்ளும் பொறுமை, கூச்சல் போட்டவளிடம் காட்டப்படவில்லை.

ஆனால் வெங்கு மாமாவை எழுதிய கைக்கு எதையும் மன்னிக்கலாம். கங்காவின் தாய்மாமன், வக்கீல், சாஸ்திரம் கரைத்துக் குடித்தவர். விரட்டப்பட்ட கங்காவைப் படிக்க வைத்தவரும் அவரே. கெட்டுப்போனவள் இன்னொருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதே மனிதர், மருமகள் முறைப் பெண்ணைத் தொட்டுத் தடவவும் செய்கிறார். காரில் வந்தவன் ஒருநாள் வந்தான். இவர் ஆண்டுக்கணக்கில், வீட்டுக்குள்ளேயே, கல்விச் செலவின் உரிமையோடு. ஊர் அறிய நடந்ததற்குக் கங்கா கெட்டவள் ஆனாள். வீட்டுக்குள் நடந்ததற்குப் பெயரே கிடையாது. படித்த, கௌரவமான, பெண்ணுக்கு உதவுகிற உறவினரின் கையைப் பற்றி இவ்வளவு தெளிவாக அந்தக் காலத்தில் எழுதியவர்கள் மிகக் குறைவு.

மாமாவின் சவாலை அப்படியே எடுத்துக்கொண்டுதான் கங்கா பிரபுவைத் தேடிப் போகிறாள். அவரை எதிர்க்கிறாள், ஆனால் அவர் வகுத்த சட்டத்துக்குள் நின்றுகொண்டே எதிர்க்கிறாள். ஒருவன் தொட்டால் அவனுக்கே உரியவள் என்ற விதியை அவள் மீறவில்லை. கடைசிவரை அதற்குக் கட்டுப்பட்டு அழிகிறாள். சிலர் இதைக் கங்காவின் வைராக்கியம் என்பார்கள். மூளைக்குள் புகுந்துவிட்ட மாமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தை (1943) இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். அங்கே அகலிகைக்குச் சாபம் நீங்கிவிடுகிறது. ராமனும் ஏற்றுக்கொண்டான், கோதமனும் ஏற்றுக்கொண்டான். ஆனாலும் யாராவது சாதாரணமாகப் பேசும் சொல்லில்கூட ஏதாவது குத்தல் இருக்குமோ என்று அவள் நடுங்குகிறாள். சீதை வந்து தீக்குளித்ததைச் சொன்னதும், தன்னை விடுவித்தவனே இதைக் கேட்டானா என்று அவளுக்குள் எல்லாம் இடிந்துவிடுகிறது. மறுபடியும் கல்லாகிறாள். ஜெயகாந்தனின் சிறுகதைத் தாய், மகளைத் தேற்ற இந்த அகலிகையைத்தான் துணைக்கு அழைக்கிறாள். ஆனால் பாதத் தூளி பட்டு எழுந்த அகலிகையோடு நிறுத்திக்கொள்கிறாள். எழுந்தபின் அவள் எப்படி வாழ்ந்தாள் என்ற பகுதி அவளுக்கு வேண்டாம். கங்காவுக்கு நேர்ந்தது அந்த இரண்டாம் பகுதி.

இரண்டையும் படித்துவிட்டு மாணவிகள், எந்தத் தாய் நிஜம் என்று கேட்பதுண்டு. பெரும்பாலான வீடுகளில் இருவரும் ஒருத்திதான். அலறுவதற்கும் பேச்சை மாற்றுவதற்கும் நடுவில் அவளுக்குக் கிடைப்பது ஒரு நொடி. பக்கத்து வீட்டுக்காரி அந்த நொடியில் கூப்பிட்டாளா, அண்ணன் அப்போது வீட்டில் இருந்தானா என்பதைப் பொறுத்து ஒரு பெண் பெயரில்லாமல் தப்பிக்கிறாள், அல்லது கங்காவாகிறாள்.