பின்வாங்கலும் வழிநடையும்: ஒரே பாதையில் இரண்டு நூல்கள்

போர் பற்றிய நூல்களில் தளபதிகள் எழுதியவற்றை நான் சற்று ஐயத்துடனேயே வாசிப்பதுண்டு. வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட பர்மா போர் நினைவுகள் அந்த ஐயத்தைப் பெருமளவு தணிக்கின்றன. தன் பிழைகளைத் தானே எடுத்துச் சொல்லும் தளபதி அவர். போருக்கு முன்னர் புனைபெயரில் சிறுகதைகள் எழுதிச் சம்பாதித்தவர் என்பதால் நடையில் ஒரு கதைசொல்லியின் லாவகமும் உண்டு.

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்த பின் தொடங்கிய அந்தப் பின்வாங்கல் ஏறத்தாழ 900 மைல். பிரித்தானிய இராணுவ வரலாற்றிலேயே மிக நீண்டது என்பர். ஏப்ரல் நடுப்பகுதியில் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள். ஏப்ரல் 30ஆம் திகதி இரவு ஐராவதி மீதிருந்த ஆவா பாலத்தைத் தகர்க்கிறார்கள். சிந்துவின் ஆற்றங்கரையில் டாங்கிகளைக் கைவிட்டு, மே மாத மழையில் மலேரியாவுடன் இம்பால் வந்து சேர்கிறார்கள். கந்தலுடன் வந்தாலும் ஆயுதத்தைக் கைவிடாத தன் கடைசிப் படையினரை வீதியோரம் நின்று ஸ்லிம் பார்க்கும் இடம் நூலின் உச்சம். அதை உருக்கமின்றி வாசிக்க முடியவில்லை.

ஆனால் அதே வீதியில் வேறொரு கூட்டமும் நடந்தது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்ததும் கூலிகளும் கடைக்காரர்களும் எழுதுவினைஞர்களும் புறப்பட்டுவிட்டனர். துறைமுகமும் நகரச் சுத்திகரிப்பும் நின்றுவிடும் என்று அஞ்சிய நிர்வாகம் ஆரம்பத்தில் அவர்களைத் திருப்பி அனுப்பவே முயன்றது. கடல்வழியாகவும் தரைவழியாகவும் வெளியேறிய இந்தியர் சுமார் 5 இலட்சம் என்கின்றனர். வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர் ஒருமித்ததில்லை. பல்லாயிரம் என்பது மட்டும் நிச்சயம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்ற குற்றச்சாட்டைக் காங்கிரஸ் தலைவர்கள் அப்போதே பகிரங்கமாக எழுப்பினர்.

ஸ்லிம் அகதிகளைக் காணாதவரல்லர். அவர்களது துயரத்தை இரக்கத்துடனேயே குறிப்பிடுகிறார். குறை அவரது மனதில் இல்லை, நூலின் அமைப்பில்தான் உள்ளது. தோல்வியிலிருந்து வெற்றிக்கு என்பதே அவரது தலைப்பின் பொருள். 1945இல் மீண்டும் ரங்கூனுக்குள் நுழையும் படைக்கு இந்தப் பாதை முதற்பாகம் மாத்திரமே. வீதியோரம் காலராவில் விழுந்தவனுக்கு இரண்டாம் பாகம் ஏது?

இங்குதான் வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ முக்கியமாகிறது. ரங்கூனிலிருந்து ‘ஜோதி’ சஞ்சிகையை நடத்தியவர் மனைவியுடன் நடந்து இந்தியா சேர்ந்த கதை அது. தலைப்பையே பாருங்கள். பின்வாங்கல் என்பது படை வரைபடத்தின் சொல். வழிநடை காலின் சொல். மேம்பாலமும் முற்றுகையும் தளபதிக்குப் பெரிது. நடப்பவனுக்கோ அடுத்த வேளைச் சோறும் நல்ல தண்ணீரும்தான் பெரிது. இலக்கிய நயத்தில் ஸ்லிம்மே மேலானவர் என்று கூடச் சொல்வேன். எனினும் அந்த வீதியின் உள்ளூர் வரலாற்றை எழுதப் புகுபவன் சர்மாவின் பக்கங்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

அவையும் ஒரு படித்த பத்திரிகையாளரின் பக்கங்களே. ரங்கூனில் பள்ளிவாசல் கட்டி வாழ்ந்த சூலியா முஸ்லிம்கள் எப்படி நடந்தார்கள்? வழியில் மரித்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த அவகாசம் கிடைத்ததா? மேற்கே அரக்கானில் படை விலகிய வெற்றிடத்தில் பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வெடித்த கொலைகள், முஸ்லிம்களை வடக்கே மங்டோ பக்கமும் பௌத்தர்களைத் தெற்கேயும் துரத்தின. ஸ்லிம்மின் 1942ஆம் ஆண்டு அத்தியாயங்கள் ஐராவதியையும் சிந்துவினையும் பற்றியவை. அரக்கான் அவரது வீதியில் இல்லை. ஒரு படை போன பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது என்பது படையின் நினைவுக்குறிப்பில் எப்படி இருக்கும்?

அந்த நாட்களில் போர் இலங்கையையும் தொட்டது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதைப் பற்றிப் பேசும் நம்மவர்கள் பர்மாப் பாதையை ஏனோ தமிழகத்துக்கு உரியதென விட்டுவிடுகின்றனர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க் குடும்பங்களோடு கொண்டு கொடுத்த உறவு நமது கரையோர ஊர்களில் எத்தனை வீடுகளில் உண்டு! வாப்பாவின் வாப்பா ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர் என்று சொல்லக் கூடிய எவரேனும் அந்த வீடுகளில் இருக்கக் கூடும். நடந்தவர்களில் அநேகர் போய்விட்டனர். கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் இப்போது எண்பது வயது.