யாருடைய கால்கள்?

பிரிட்டனில் ஒரு ஐம்பது பென்ஸ் காசு இருக்கிறது. 2004ல் ராயல் மின்ட் வெளியிட்டது. ஏழு மூலை. ஒரு புறம் வழக்கம்போல ராணி எலிசபெத். திருப்பினால், ஓடுகிற கால்கள். பின்னணியில் ஒரு ஸ்டாப் வாட்ச். கீழே '50 பென்ஸ்'. அவ்வளவுதான். முகம் கிடையாது. பெயர் கிடையாது. எதற்கு இந்தக் கால்கள் என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது.

விளையாட்டுச் சாதனைக்காக வந்த நினைவு நாணயங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதன் மேல் ஒரு புகாரும் உண்டு. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு, இஃப்லி ரோடு மைதானம். ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் ஓட முடியுமா என்பது அந்தக் காலத்தில் பெரிய கேள்வி. 1945ல் ஸ்வீடன்காரர் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடி வரை வந்திருந்தார். ஒன்பது வருஷமாக அதை யாரும் அசைக்கவில்லை. ரோஜர் பேனிஸ்டருக்கு அப்போது வயது 25, லண்டனில் மருத்துவ மாணவர். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அப்புறம் ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். அங்கே பலத்த காற்று. ஓடலாமா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று கடைசிவரை தயக்கம். மாலை ஆறு மணிவாக்கில் காற்று அடங்கியது. ஓடினார். ஒலிபெருக்கியில் நோரிஸ் மெக்விர்ட்டர் 'மூன்று நிமிடம்...' என்று ஆரம்பித்ததுமே கூட்டம் போட்ட சத்தத்தில் மீதி யார் காதிலும் விழவில்லை. அந்த மீதி, 59.4 விநாடி.

இந்த உலக சாதனையின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? 46 நாள். ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி அதை உடைத்துவிட்டார். 1999ல் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் 3 நிமிடம் 43.13 விநாடியில் ஓடினார். பேனிஸ்டரைவிடப் பதினாறு விநாடி வேகம்! பிறகு எதற்கு 46 நாள் சாதனைக்கு ஒரு காசு?

காரணம் இருக்கிறது. ரெக்கார்டு என்பது வாடகை வீடு. என்றைக்காவது ஒருநாள் காலி செய்துதான் ஆகவேண்டும். 'முதல் ஆள்' என்பது சொந்த வீடு, பட்டாவோடு. அதை எல் கெரூஜாலும் வாங்க முடியாது. காசு அடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

காமர்ஸ் படித்தவன் புத்தி, காசு என்றால் எத்தனை அடித்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கும். இந்தக் காசு 90 லட்சத்துக்கு மேல், அத்தனையும் புழக்கத்துக்கு. கடையில் மீதிச் சில்லறையாக யார் கைக்கும் வரலாம். அன்று பேனிஸ்டர் போட்டிருந்த ஷூ 2015ல் லண்டன் ஏலத்தில் 2,66,500 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர் ஒருத்தர். காசில் ஓடும் கால்களோ ஐம்பது பென்ஸுக்கு எல்லோருக்கும் சொந்தம்.

இதற்கு நேர் எதிர் ஸ்விட்சர்லாந்து. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அந்த நாட்டு மின்ட் முதன்முதலாக நாணயம் வெளியிட்டது ரோஜர் ஃபெடரருக்குத்தான். 2020 தேதியிட்ட 20 ஃபிராங்க் வெள்ளிக் காசு. அவருடைய ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அதில் இருக்கிறது. அழகான காசு, சந்தேகமே இல்லை. 2019 டிசம்பரில் முன்பதிவு தொடங்கிய அன்றே கூட்டம் தாங்காமல் இணையதளம் படுத்துவிட்டது. வாங்கியவர்கள் அதை என்ன செய்திருப்பார்கள்? பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சட்டப்படி அது செல்லுபடியாகும் பணம்தான். ஆனால் அதைக் கொடுத்து யாராவது காபி குடிப்பார்களா?

பொருளாதாரத்தில் கிரெஷாம் விதி என்று ஒன்று உண்டு. கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும். இரண்டு காசு கையில் இருந்தால் மட்டமானதைச் செலவழித்து, நல்லதைப் பதுக்குவோம். நினைவு நாணயத்தின் தலையெழுத்தும் இதுதான். லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக 29 டிசைன்களில் ஐம்பது பென்ஸ் புழக்கத்துக்கு விட்டார்கள். கால்பந்துக் காசில் ஆஃப்சைடு விதியையே படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஜனங்கள் விடுவார்களா? பெரும்பகுதி ஆல்பங்களுக்குள் போய்விட்டது. ஆனாலும் அவை முதலில் சில்லறையாகத்தான் கைக்கு வந்தன. கல்லாவில் தற்செயலாகக் கிடைத்த காசுக்கும், பெட்டியில் வைத்து விற்ற காசுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நம் நாட்டிலும் விளையாட்டுக் காசுகள் புழங்கியிருக்கின்றன. 1982 டெல்லி ஏசியாட் சின்னத்தோடு 25 பைசாவும் இரண்டு ரூபாயும் வந்தன. 2010 காமன்வெல்த் போட்டிக்கும் வந்தது. இரண்டுமே போட்டியை நடத்திய பெருமைக்கு. ஓடியவருக்காக அல்ல, பந்தல் போட்டவருக்காக.

இப்போது என் புகார். காசில் இருப்பவை ஒரே ஒரு ஆளின் கால்கள். ஆனால் அன்றைக்கு ஒரு ஆள் மட்டும் ஓடவில்லை. முதல் இரண்டு சுற்றுக்கு மேல் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர் கிறிஸ் பிராஷர். அவர் களைத்ததும் கிறிஸ் சாட்டவே முன்னால் வந்து, கடைசிச் சுற்றின் பாதிவரை இழுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம்தான் பேனிஸ்டர் தனியாகப் பாய்ந்தார். முந்தின வருஷம் இதே மாதிரி பிராஷர் துணையோடு அவர் ஓடிய 4 நிமிடம் 2 விநாடியை, உதவி வாங்கி ஓடியது செல்லாது என்று தேசிய சாதனைப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். 1954ல் முறையான போட்டிக்குள்ளேயே உதவி நடந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த இரண்டு பேரும் சாமானியர்கள் இல்லை. சாட்டவே அதே வருஷம் அக்டோபரில் 5,000 மீட்டரில் உலக சாதனை படைத்தார். பிராஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸ் தங்கம் வாங்கினார். லண்டன் மாரத்தானைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. பேனிஸ்டர் இவர்களை ஒருநாளும் மறைத்ததில்லை. மறைத்தது காசுதான்.

இடம் போதாது என்பீர்கள். கனடாவின் வான்கூவரைப் பாருங்கள். 1954 ஆகஸ்டில் பேனிஸ்டரும் லாண்டியும் அங்கே மோதினார்கள். கடைசி வளைவில் லாண்டி இடப்பக்கம் திரும்பிப் பார்க்க, வலப்பக்கமாகப் பேனிஸ்டர் முந்திவிட்டார். அந்தக் கணத்தை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். தோற்றவருக்கும் சேர்த்துச் சிலை! தோற்றவருக்கே இடம் கிடைக்கும்போது, ஜெயிக்க வைத்தவர்களுக்குக் கிடைக்கக் கூடாதா? காசை வடித்த ஜேம்ஸ் பட்லர் தேர்ந்த சிற்பி. கால்களின் பின்னால் இன்னும் இரண்டு நிழல்களைக் கோடு காட்டுவது அவருக்கு ஒரு வேலையா?

2019ல் ஐம்பது பென்ஸ் காசுக்கு ஐம்பது வயது ஆனது. பழைய டிசைன்கள் சிலவற்றைத் திரும்ப அடித்தார்கள். பேனிஸ்டர் காசும் அதில் உண்டு. திருத்த நல்ல சந்தர்ப்பம். திருத்தவில்லை. அதே ஒற்றை ஆளின் கால்கள். அதோடு, இந்த முறை சில்லறையாக வரவில்லை. சேகரிப்பாளர்களுக்கு மட்டும், செட்டாக.