கடைசிப் பக்கத்துக் காலியிடங்கள்

கலிஃபோர்னியாவில் குடியேறிய தமிழர்களிடம் மாநில ஆளுநர் யார் என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். தங்கள் கவுண்டி சூப்பர்வைசர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவரோ மாதம் தவறாமல் இவர்களுடைய மின்னஞ்சல் பெட்டிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். புதுப்பித்த பூங்காவில் ரிப்பன் வெட்டுகிறார், முதியோர் மையத்தில் சாப்பாடு பரிமாறுகிறார், நூலகத்தில் குழந்தைகள் நடுவே உட்கார்ந்து கதை படிக்கிறார், தீயணைப்பு வீரருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார். படங்கள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: கவுண்டி ஆணையங்களில் காலியிடங்கள் உள்ளன, விண்ணப்பிக்கலாம். அதுவரை யாரும் படிப்பதில்லை.

மக்கள் பிரதிநிதி தன் தொகுதி நடமாட்டத்தையும், குடிமக்கள் பங்கேற்கக்கூடிய பொறுப்புகளையும் ஒரே மடலில் சேர்த்து அனுப்பும் இந்த வழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. நல்ல வழக்கம்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த மடலில் உருப்படியானது கடைசிச் சில வரிகள் மட்டுமே என்பது என் கட்சி. அந்த வரிகளும் முழு உண்மையைச் சொல்வதில்லை.

முதலில் இந்தப் பதவியின் கனத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். சான் பிரான்சிஸ்கோ நீங்கலாகப் பெரும்பாலும் கவுண்டிக்கு ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட ஒரு மன்றம். பொது மருத்துவமனை, சிறைச்சாலைக்கான பணம், குழந்தைகள் பாதுகாப்பு, உணவு உதவி, தேர்தல் நடத்துவது என்று ஏழை எளியவரின் வாழ்க்கையைத் தொடும் துறைகள் பலவும் இவர்கள் பொறுப்பில் வருகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மக்கள் தொகை ஏறக்குறைய ஒரு கோடி. சூப்பர்வைசர் ஒருவருக்கு இருபது லட்சம் பேர். வாஷிங்டனுக்குப் போகும் காங்கிரஸ் உறுப்பினர்கூட ஏழரை லட்சம் பேரைத்தான் பிரதிநிதித்துவம் செய்கிறார். 'ஐந்து குட்டி ராஜாக்கள்' என்று அந்த ஊர்க்காரர்கள் கேலி பேசியது வீணாக இல்லை. 2020 தேர்தலுக்குப் பிறகு ஐந்து பேரும் பெண்களாகிவிட்டதால் கேலியைக் கொஞ்சம் திருத்த வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் வாக்காளர்கள் இந்த ஐந்தை ஒன்பதாக்கத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு பெரிய தொகுதியில் ஒருவர் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்வது தேவையா என்றால், தேவை. அல்டடீனாவைப் பார்த்தால் புரியும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பத்து லட்சம் பேருக்கு மேல் எந்த நகராட்சிக்குள்ளும் சேராத பகுதிகளில் வசிக்கிறார்கள். அல்டடீனா அப்படி ஒன்று. அங்கே மேயர் கிடையாது. ஊர் மன்றம் ஒன்று உண்டு. அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. சாலையில் பள்ளம் விழுந்தாலும் வீட்டுக்கு அனுமதி வேண்டுமென்றாலும் சூப்பர்வைசர் அலுவலகம்தான் கதி. 2025 ஜனவரி 7 அன்று மூண்ட ஈட்டன் தீயில் 19 பேர் இறந்தார்கள், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் அந்த மக்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது தகவல். சாம்பல் மேட்டை அரசுச் செலவில் அகற்ற வேண்டுமானால் வீட்டுக்காரர் தன் மனைக்குள் நுழைய அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதற்கு முதலில் மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள், பிறகு ஏப்ரல் நடுவரை நீட்டித்தார்கள். உறவினர் வீட்டிலும் ஓட்டல் அறையிலுமாகச் சிதறிக் கிடந்தவர்களுக்கு இந்த மாதிரிச் செய்தி எட்ட, முன்பே பழகிய ஒரு வழி இருந்தாக வேண்டும். விபத்து நடந்த பிறகு முகவரிப் பட்டியல் சேகரிக்க முடியாது.

விழாக்களுக்கும் இதே நியாயம் உண்டு. ரிப்பன் வெட்டுபவரைவிட அவருக்கு இரண்டடி பின்னால் நிற்கும் தொகுதி உதவியாளர் முக்கியமானவர். முதியோர் மையத்தில் சாப்பாடு முடிந்ததும் ஒரு பாட்டி தன் மருத்துவக் காப்பீடு நின்றுபோனதைச் சொல்வது அவரிடம்தான். அடுத்த நாள் உரிய துறைக்குத் தொலைபேசியில் பேசுவதும் அவர்தான். கவுண்டி அலுவலகத்தின் வாசலைத் தேடிப் போகத் தெரியாதவர்களிடம் அலுவலகமே வந்து நிற்பது சாதாரண நன்மை இல்லை. மடலில் அவர் படம் வருவதில்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்த மடல்கள் எதை எண்ணிக் காட்டுகின்றன என்று பாருங்கள். சூப்பர்வைசர் எங்கே போனார், யாரைச் சந்தித்தார், எதைத் திறந்தார் என்பதைத்தான். எதற்கு வாக்களித்தார், எதை எதிர்த்தார், எந்த ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்பவை அருகியே வருகின்றன. 2025 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மன்றம் 4 பில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புதல் தந்தது. கவுண்டியின் சிறார் இல்லங்களிலும் பராமரிப்பு மையங்களிலும் பல பத்தாண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்குகளுக்கான இழப்பீடு அது. அந்தப் பணம் வரிப்பணம். அந்தக் கொடுமை நடந்ததும் கவுண்டி பார்த்துக்கொள்ள வேண்டிய இடங்களில். பூங்காத் திறப்புக்கும் இதற்கும் ஒரே அளவு இடம் தரும் வடிவம் எதையும் தெரியப்படுத்துவதில்லை, சமப்படுத்திவிடுகிறது. மன்றக் கூட்டத்திலும் இதே வாசனை வீசுகிறது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பாராட்டுச் சுருள்கள் வழங்குவதில் ஆற அமரத் தொடங்கும். பிறகு பேச வரும் பொதுமகனுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

இது புதிய கவலை இல்லை. பதவியில் இருப்பவர் அரசுச் செலவில் தன் பெயரையும் முகத்தையும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எதிர்ப்போட்டியாளருக்கு அநீதி என்று கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1988-லேயே முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு நிறைவேறிய 73-ஆம் முன்மொழிவு, பொதுப்பணத்தில் இப்படிப்பட்ட மடல்களை மொத்தமாக அஞ்சலில் அனுப்பத் தடை போட்டது. ஒரே மாதிரி மடல் 200 பிரதிகளைத் தாண்டினால் அது மொத்த அஞ்சல். பிறகு மின்னஞ்சல் வந்தது. தடை கையால் தொடக்கூடிய காகிதத்துக்குத்தான் என்று விதிகள் நின்றுவிட்டன. ஆகவே இருநூற்றியோராவது காகிதம் குற்றம், இரண்டு லட்சமாவது மின்னஞ்சல் சேவை. சட்டத்தின் எழுத்து அப்படியே இருக்கிறது, நோக்கம்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது.

விழாப் படங்களை நம்பி ஒரு பிரதிநிதியை மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பக்கத்து ஆரஞ்சு கவுண்டியே சாட்சி. கொரோனா காலத்தில் அங்கே சூப்பர்வைசர்கள் தத்தம் தொகுதிக்கென நிவாரணப் பணம் ஒதுக்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. முதல் தொகுதியின் ஆண்ட்ரூ டோ, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உணவு தருவதற்காக என்று 'வியட் அமெரிக்கா சொசைட்டி' என்ற தொண்டு நிறுவனத்துக்குப் பத்து மில்லியன் டாலருக்கு மேல் திருப்பிவிட்டார். அந்த நிறுவனத்தோடு அவர் மகளுக்குத் தொடர்பு இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. உணவாகப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு சிறு பங்குதான். ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் லஞ்சமாகத் திரும்பி வந்தது. 2023 இறுதியிலிருந்து 'எல்ஏயிஸ்ட்' என்ற உள்ளூர்ச் செய்தி நிறுவனம் விடாமல் துருவியதில் விஷயம் வெடித்தது. 2024 அக்டோபரில் அவர் பதவி விலகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 ஜூனில் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

'முதியோருக்கு உணவு' என்பது சமூகச் செயல்பாட்டு மடல்களின் நிரந்தரத் தலைப்பு. உண்மையாகப் பரிமாறிய சாப்பாட்டுக்கும் கணக்கில் மட்டும் பரிமாறிய சாப்பாட்டுக்கும் அந்த மடலில் வித்தியாசமே தெரியாது. இதைத்தான் நான் இந்த வழக்கத்தின் மிகப் பெரிய பலவீனமாகக் கருதுகிறேன். எல்லா சூப்பர்வைசர்களும் ஆண்ட்ரூ டோ என்று சொல்ல வரவில்லை; பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்களாகவே இருக்கலாம். ஆனால் நேர்மையானவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்ட இயலாத ஓர் அறிக்கை, அறிக்கை என்ற பெயருக்கே தகுதியற்றது. டோ விவகாரத்துக்குப் பின் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: தொண்டு நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், அங்கே தன் குடும்பத்தார் இருப்பது தெரிந்தால் சூப்பர்வைசர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த வெளிப்படுத்தலை மடலின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனிக் கடைசிப் பக்கம். அந்தக் காலியிட அறிவிப்பு சூப்பர்வைசரின் பெருந்தன்மையால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1975-இல் இயற்றப்பட்ட மேடி சட்டத்தின்படி, எந்தெந்த ஆணையங்களில் யார் பதவிக்காலம் அடுத்த ஆண்டு முடிகிறது, என்ன தகுதி வேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் கவுண்டி தயாரித்தாக வேண்டும். பெரிய பொது நூலகம் ஒன்றில் அதன் பிரதி கிடைக்க வேண்டும். இடையில் யாராவது விலகினால் 20 நாளுக்குள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டியபின் பத்து வேலை நாள் கழியாமல் நிரந்தர நியமனம் செய்யக் கூடாது. வேண்டியவரைப் பின்வாசல் வழியாக உட்கார வைப்பதைத் தடுக்க எழுந்த அருமையான சட்டம் இது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

அறிவிப்பைப் படித்தவருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா ஆணையங்களும் ஒரே எழுத்தளவில் வரிசையாக நிற்கின்றன. திட்ட ஆணையம் நிலப் பயன்பாட்டில் தீர்மானம் எடுக்கும். சிபில் பிராண்ட் ஆணையத்தார் லாஸ் ஏஞ்சலஸ் சிறைகளுக்குள் நேரில் சென்று பார்த்து அறிக்கை தருவார்கள். ஷெரிஃப் துறையைக் கண்காணிக்கும் குடிமக்கள் ஆணையத்துக்கு ஆவணங்களையும் ஆட்களையும் வரவழைக்கும் அதிகாரத்தை வாக்காளர்களே 2020 மார்ச்சில் கொடுத்தார்கள். இவற்றுக்குப் பக்கத்திலேயே, ஆண்டுக்கு நாலு முறை கூடி ஆலோசனை எழுதி அனுப்பிவிட்டு அதற்குப் பதில் வராமலே கலையும் குழுக்களும் இருக்கின்றன. எதற்குப் பல் இருக்கிறது, எதற்கு இல்லை என்று மடல் சொல்லாது. கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாளில், பகலில். ஊதியம் இல்லை, அல்லது பெட்ரோல் செலவுக்குச் சரியாகப் போகும் படி. ஓய்வு பெற்றவரும் வசதியுள்ளவருமே அங்கே நிறைவதில் வியப்பில்லை.

இதைவிடப் பெரிய முடிச்சு, நியமிக்கும் கை எது என்பது. பல ஆணையங்களில் உறுப்பினரை நியமிப்பது அந்தந்தத் தொகுதி சூப்பர்வைசர். விழாவுக்குத் தவறாமல் வருபவர், தேர்தலில் துண்டறிக்கை கொடுத்தவர் என்று தெரிந்த முகங்கள் முன்னால் வருவது மனித இயல்பு. கேள்வி கேட்பவரின் கதி எப்படி ஆகலாம்? ஷெரிஃப் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த முன்னாள் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், தம் இடத்துக்கு ஆள் நியமிக்கும் சூப்பர்வைசரே தம்மை வெளியேற்றுகிறார் என்று 2025-இல் பொதுவெளியில் சொன்னார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கண்காணிப்பவரின் நாற்காலி, கண்காணிக்கப்படும் நிர்வாகத்தின் தயவில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இந்தக் குறைக்கு மாற்றாகக் கலிஃபோர்னியாவிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது: குடிமை நடுவர் குழு. கவுண்டியின் சுப்பீரியர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர், லாஸ் ஏஞ்சலஸில் 23 பேர், ஓராண்டு காலம் உட்கார்ந்து கவுண்டி நிர்வாகத்தைத் துருவி அறிக்கை எழுதுகிறார்கள். சூப்பர்வைசரின் கை இதில் நேராகப் படாது. குழுவின் பரிந்துரைகளுக்கு மன்றம் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். பதில் மட்டும்தான், செயல்படுத்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், பத்து விழா மடலைவிட ஒரு நடுவர் குழு அறிக்கை உங்கள் கவுண்டியைப் பற்றி அதிகம் சொல்லும்.

நடுவர் குழுவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். 'எனக்குக் குடியுரிமை இல்லையே' என்று நம்மவர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குவதுதான் சரியில்லை. 2019-இல் வந்த மாநிலச் சட்டம், 18 வயது நிறைந்த குடியிருப்பாளர் எவரும், குடியுரிமை எதுவாயினும், நியமனப் பொறுப்புகளை ஏற்கலாம் என்று தெளிவாக்கிவிட்டது. அதற்கும் முன்பே, 2013-இலேயே, பச்சை அட்டைக்காரர்கள் வாக்குச்சாவடிப் பணியாளராகலாம் என்று ஆகிவிட்டது. 16 வயது உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் சேரலாம். சான்டா கிளாரா கவுண்டியில் மாதிரி வாக்குச்சீட்டு தமிழிலும் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொடுத்து விளக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டாமா? கல்லூரி விண்ணப்பத்துக்காகத் தொண்டு மணிநேரம் தேடி அலையும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். தாங்களும் கூடப் போகலாம்.

மடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதலில் அந்த மாதத்து வாக்குகள், அடுத்துத் தொகுதிப் பணம் யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற கணக்கு, அடுத்து எந்த ஆணையத்துக்கு என்ன அதிகாரம் என்ற குறிப்போடு காலியிடங்கள். ரிப்பன் வெட்டிய படம் கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும். சூப்பர்வைசர்கள் தாமாக இப்படி மாற்ற மாட்டார்கள். ஆகவே இந்த டிசம்பரில் உங்கள் கவுண்டி மன்றத்தின் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். நியமனப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். புரியாதது போல் பேசினால் 1975-ஆம் ஆண்டின் மேடி சட்டம் என்று சொல்லுங்கள், தேடி எடுத்துத் தருவார்கள்.