சொன்னபடி கேட்கும் விலங்குகள்

சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பக்தர்கள் தொட்டு வணங்கும் தங்கப் பல்லிக்கும் வெள்ளிப் பல்லிக்கும் பக்கத்திலேயே சூரியனும் சந்திரனும் இருக்கின்றன. பூசைத் தண்ணீரில் பல்லி கிடந்ததைக் கவனிக்காத இரண்டு சீடர்கள் குருவின் சாபத்தால் பல்லிகளாகி, இங்கே விமோசனம் பெற்றார்கள் என்பது தலபுராணம். விலங்கையும் வானத்தையும் ஒரே கதையில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் விலங்குகளே நாயகர்களாகி விண்வெளி மர்மம் ஒன்றைச் சிரிக்கச் சிரிக்கத் துப்பறியும் படம் தமிழில் வேர்விடவில்லை. திரையில் விலங்குக்கு நாம் கொடுத்துப் பழகிய வேலைதான் இதற்கு முதற்காரணம்.

அந்த வேலையை வகுத்தவர்களில் முக்கியமானவர் படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர். அவருடைய ‘தெய்வச் செயல்’ (1967) தோற்றாலும், அதே யானைக் கதை இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’யாகவும் (1971), எம்.ஜி.ஆர். நடிக்க ‘நல்ல நேர’மாகவும் (1972) பெருவெற்றி கண்டது. இந்த மரபின் பலம் பெரிது. வசனமில்லாமல் உடலசைவால் சிரிக்கவைக்கிறது. பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிகிறது. மிருகத்திடமும் நன்றி காட்டவேண்டும் என்ற உணர்வைப் பாமரரிடமும் சேர்க்கிறது. ஆனால் அந்த யானைக்கென்று சொந்த ஆசை கிடையாது. எசமானுக்காக உழைக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும், கடைசியில் உயிரையும் விடும். சொன்னபடி மட்டுமே நடக்கும் பாத்திரத்தைச் சுற்றி மர்மம் பின்ன முடியாது. அடுத்து என்ன செய்யும் என்று தெரியாதபோதுதான் மர்மம் பிறக்கிறது.

விண்வெளிக் கதைகளிலும் இதே குறைதான். ‘கலை அரசி’ (1963) வேற்றுக்கிரகவாசிகளைத் துணிந்து தமிழுக்குக் கொண்டுவந்தது. அவர்களோ மனித உருவிலேயே நின்றுவிட்டார்கள். ‘அயலான்’ (2024) படத்தின் குட்டி வேற்றுக்கிரகவாசி, பழைய படங்களில் செல்லப்பிராணி நின்ற இடத்தில் நிற்கிறது. நடிகர் சித்தார்த்தின் குரலில் பேசத் தொடங்கியதும் தன் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறது. பார்வையாளர் ஊகிக்க மிச்சம் அதிகமில்லை. மாறாக, நெல்சன் வெங்கடேசனின் ‘மான்ஸ்டர்’ (2019) படத்து எலி பேசுவதே இல்லை. உயிர்க்கொலை செய்யத் துணியாத ஒரு மனிதரின் வீட்டுக்குள் அது தன் பாட்டுக்குத் தன் காரியத்தைப் பார்க்கிறது. சிரிப்பும் பதற்றமும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

விண்வெளியைக் காட்டப் பெரும் பணம் வேண்டுமே என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு செலவழித்தாலும் சுயபுத்தி இல்லாத விலங்கு அட்டைப் பொம்மைதான். இங்கிலாந்தில் களிமண் பொம்மைகளால் எடுத்த ‘ஷான் தி ஷீப்: ஃபார்மகெடான்’ (2019) படத்தில், வழிதவறி வந்த வேற்றுக்கிரகக் குழந்தையைக் குறும்புக்கார ஆடு ஒன்று வீடு சேர்க்கிறது. ஒரு வரி வசனம்கூட இல்லை. எசமானுக்குத் தெரியாததை ஆடு அறிந்திருக்கிறது என்பதே கதையின் அச்சு. குழந்தைகளுக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு என்ற கேள்வியும் எழும். விடுகதை போட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊகிப்பதே விளையாட்டு; விடையை முன்கூட்டியே சொல்வதுதான் அவர்களைக் குறைத்து மதிப்பது. விலங்கைத் தெய்வத்தின் ஏவலாளாகக் காண்பது நம் மரபு என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் காஞ்சிப் பல்லிகள் யாருக்கும் ஏவல் செய்யவில்லை. தவறு, தண்டனை, காத்திருப்பு, விடுதலை எல்லாம் அவற்றுக்கே உரியவை. அந்தக் கதையுரிமையைத் திரையிலும் விலங்குக்குத் தந்தால், விண்கலத்தை அட்டையில் செய்தாலும் படம் நிற்கும்.