நெற்றி எழுத்து

வண்டியின்மேல் எழுதப்படுவதும் எழுத்துதான். நம் கவிதைகளைவிட அதற்கு வாசகர்கள் அதிகம் என்பதாலேயே அதைப் பரிகசிப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

அத்திப்பட்டுப் பக்கம் காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது பின்னால் மாட்டிக்கொண்டவனுக்கு வேறு வாசிப்பு கிடையாது. தாய் தந்தை துணை. அங்காளம்மன் துணை. கர்த்தர் துணை. முன்கண்ணாடிக்கு மேலே குழந்தைகளின் பெயர்கள். இதில் கவித்துவம் கண்டு உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முடியாது. பெரும்பாலும் தேய்ந்த சொற்கள். ஆனால் 'துணை' ஒரு வேண்டுதல். எழுதியவன் தன் பயத்தை ஒளிக்கவில்லை.

பெரிய கம்பெனியும் இதே காரியத்தைச் செய்திருக்கிறது. 1948ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கியபோது அதற்கு வைத்தது மகனின் பெயரை. ஆஸ்டின் கார்களில் ஆரம்பித்து, பிறகு இங்கிலாந்தின் லேலண்டு வந்து சேர, 1955ல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. பக்கத்து எண்ணூரில்தான் தொழிற்சாலை. ஒரு தகப்பனின் பிள்ளை பெயரும் லாங்காஷயரில் ஓர் ஊரின் பெயரும் இந்த லாரிகளின் முகப்பில் பதிந்திருக்கின்றன. அதற்கு மேலே, பெயிண்டில், சொந்தக்காரனின் மகள் பெயர். இரண்டுக்கும் பாஷையில் பேதமில்லை, காசில்தான்.

வங்கி குமாஸ்தாவின் கண் இன்னொரு வரியையும் தேடும். கடன் கொடுத்த வங்கியின் பெயரும் 'ஹைப்பாத்திகேஷன்' என்ற சொல்லும், மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில். சொந்தக்காரன் ஆசைப்பட்டு எழுதியதல்ல. அந்த வண்டியில் சந்தேகமே இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

கார் கண்ணாடியில் ஒட்டப்படுகிற 'பிரஸ்', 'போலீஸ்', 'தலைமைச் செயலகம்', 'மின்வாரியம்' வேறு வகை. தனியார் வண்டிகளில் இவை இருந்தால் 2024 மே 2 முதல் 500 ரூபாய் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. குற்றவாளிகள் இதன் பின்னால் மறைந்துகொள்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். எனக்கு அது போதவில்லை. மெய்யான நிருபரே ஒட்டியிருந்தாலும் அந்த எழுத்தின் குணம் மாறுவதில்லை. அது வாசிக்கச் சொல்லவில்லை; விலகச் சொல்கிறது. கேள்வி கேட்க நீண்ட கை தாழ்ந்துவிடவேண்டும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். (முதல் தொகுப்பின் பின்னட்டையிலேயே 'பின்நவீனத்துவக் கவி' என்று அச்சிட்டுக்கொள்ளும் நண்பர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அபராதம் இல்லை.)

இதன் குரூரமான முனை சைக்கிளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கயிறு கூடாது என்பதோடு, ஜாதியைக் காட்டும் வர்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் அது சொல்லவேண்டியிருந்தது. அங்கே எழுத்துகூட வேண்டாம், நிறம் போதும். அதை யார் படித்துப் பயப்படவேண்டும் என்பது பூசியவனுக்கும் தெரியும், படிப்பவனுக்கும் தெரியும்.

ஆகவே ஒட்டலாமா என்று கேட்பவரிடம் நான் கேட்பது, அது எதிரே வருகிறவனிடம் எதையாவது வேண்டுகிறதா, அவனை ஏவுகிறதா என்பதைத்தான். தாய் தந்தை பெயரை ஒட்டுகிறவனோடு எனக்குச் சண்டையில்லை. என் ஸ்கூட்டரில் ஒன்றும் ஒட்டவில்லை. கடன் இன்னும் பாக்கி. இரண்டு சக்கரத்துக்கு அதை எழுதிவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.